கதவைச் சாத்தி ஒரு விசாரணை

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே பல பள்ளிகளில் ஒரு போலீஸ்காரர் தினமும் வேலைக்கு வருகிறார். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் இந்த ஏற்பாடு வேகமாகப் பரவியது. 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்' என்பார்கள். பெயரில் போலீஸ் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அவருக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டு. பிள்ளை அவரிடம் சொல்வது நீதிமன்றம் வரை போகலாம்.

2005-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், வயது 13. மதியம் சமூகவியல் பாடம் நடக்கும்போது சீருடைப் போலீஸ்காரர் வந்து அவனை அழைத்துப் போனார். ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். விசாரணை அதிகாரியும் துணை முதல்வரும் உள்ளே இருந்தார்கள். முதலில் விளையாட்டு, வீடு என்று சாதாரணப் பேச்சு. அப்புறம் இரண்டு வீடுகளில் நடந்த திருட்டு, காணாமல் போன ஒரு கேமரா. அவனை வளர்த்து வந்த பாட்டிக்கு யாரும் போன் செய்யவில்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தப்பிக்கலாமா என்று கேட்டான் பையன். சிறார் காவலில் வைக்க உத்தரவு வாங்க வேண்டி வரலாம் என்றார் அதிகாரி. பையன் ஒப்புக்கொண்டான். பதில் சொல்லாமல் இருக்கலாம், எழுந்து போகலாம் என்பதை அவனிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். பள்ளி விட்டதும் பஸ் பிடிக்க அனுப்பினார்கள்.

காவலில் வைத்து விசாரித்தால் உரிமைகளை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது அங்கே 1966 முதல் சட்டம். சரி, வகுப்பிலிருந்து கூட்டிப் போனால் அது காவலா? இல்லை என்றன மாநில நீதிமன்றங்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிள்ளையின் வயதையும் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்றது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பு அது. பள்ளிக்கு வருவது மாணவனுக்குக் கட்டாயம், சொன்னதைக் கேட்காவிட்டால் தண்டனை. விளையாட்டுப் போட்டி பார்க்க வந்த பெரியவரின் நிலை வேறு என்று அதில் சுட்டிக்காட்டினார்.

பையைச் சோதிப்பதில் இன்னொரு சிக்கல். நியாயமான சந்தேகம் இருந்தாலே ஆசிரியர் சோதிக்கலாம் என்பது 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. போலீசுக்கு வழக்கமாக அதைவிட வலுவான காரணம் வேண்டும். பள்ளிப் போலீஸ்காரர் இதில் எந்தப் பக்கம்? அதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பல மாநில நீதிமன்றங்கள் அவருக்கும் ஆசிரியரின் சலுகையையே கொடுத்துவிட்டன. இது எனக்கு உடன்பாடில்லை. கைவிலங்கு வைத்திருப்பவரை வாத்தியாரோடு சேர்த்து எண்ணக் கூடாது.

பெரியவர்கள் கேட்டால் மறைக்காமல் பதில் சொல் என்றுதான் நம் வீடுகளில் வளர்க்கிறோம். அந்தப் பழக்கத்தோடு போகும் பிள்ளைக்கு இன்னொரு வாக்கியமும் தெரிந்திருக்க வேண்டும்: "அம்மா அப்பா வந்த பிறகு பேசுகிறேன், சார்." மரியாதையாகவே சொல்லலாம். பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பல இடங்களில் பள்ளி நிர்வாகமும் காவல் துறையும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிள்ளையை விசாரிக்கும் முன் வீட்டுக்குத் தகவல் சொல்வார்களா என்று அதில் முதலில் பாருங்கள்.

வணக்கம்.