பிடி (ஜிம்ல தனி ட்ரெய்னர் வச்சுக்குற பெர்சனல் ட்ரெய்னிங்) பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா? பில்லைப் படிச்சீங்களா?

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கொஞ்சம் கடுப்பாத்தான் உக்காந்திருக்கேன். போன வீடியோவுக்கு அப்புறம் நீங்க அனுப்பின ட்ரெய்னர் பில்லெல்லாம் பாத்தேன். "12 செஷன், வேலிடிட்டி 30 நாள், நோ ரீஃபண்ட்", 9,000 ரூபா. என்னைப் பத்தித்தான் தெரியுமே, கணக்குப் போடாம விடமாட்டேன். செஷனுக்கு 750. திங்கள், புதன், வெள்ளினு போனா 26ஆவது நாள் முடியும். மிச்சம் நாலு நாள்ல ஒரே ஒரு திங்கக்கிழமைதான் வரும். ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா மூணு செஷன் போச்சு, அந்தத் திங்கள்ல ஒண்ணை மீட்கலாம், ரெண்டு காலி. 1,500 ரூபா அம்பேல்! பத்து செஷனுக்கு 9,000, அப்ப ஒண்ணு 900 ஆயிடுச்சு. அதனால 45 நாள் கேளுங்க. ட்ரெய்னர் லீவு போட்டா மாத்து செஷன் உண்டுன்னும் பில்லுலயே எழுதி வாங்குங்க. ஜிம் ஃபீஸ் இதுல சேராது, அது தனி.

சரி, முதல் நாள். போனதும் டம்பெல்லைக் கையில குடுக்குற ஆளு எனக்கு ஆகவே ஆகாது. நெஞ்சு வலி, தலைசுத்தல், மூட்டு, ஆபரேஷன் எல்லாம் முதல்ல கேக்கணும். அப்புறம் வெயிட் இல்லாம ஸ்குவாட், அதாவது உக்காந்து எழுற பயிற்சி, பண்ண வச்சு, முன்னாடி இருந்தும் பக்கத்துல இருந்தும் பாக்கணும். குதிகால் தூக்குதா? அடியில சின்ன ப்ளேட் வச்சதும் நல்லா உக்கார முடிஞ்சா, பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான். அதை விட்டுட்டு "இன்னும் கீழ, இன்னும் கீழ"னு கத்தினா முதுகுதான் வளையும்.

அட, மறந்தே போயிட்டேன்! மாத்திரை. பிபிக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கு ஹார்ட் ரேட் அவ்வளவா ஏறாது. வாட்ச் நம்பரைப் பாத்து ஓட வச்சா தப்பாயிடும், மூச்சு வாங்குறதைப் பாத்துத்தான் வேகம் வைக்கணும். கட்டாயம் சொல்லிடுங்க.

எனக்குப் புடிச்சது நோட்டு வச்சிருக்குற ட்ரெய்னர். எடை, ரெப்ஸ் (ஒரு தடவை தூக்கி இறக்கினா ஒரு ரெப்), இன்னும் எத்தனை ரெப் போட்டிருக்கலாம், மூணும் எழுதணும். 8ல இருந்து 12 ரெப், மூணு செட்னு வைங்க (ரெஸ்ட் எடுக்காம தொடர்ந்து போடுற ரெப்ஸ்தான் ஒரு செட்). மூணுலயும் 12 வந்தாத்தான் 2.5 கிலோ ஏத்தி, திரும்ப 8ல ஆரம்பிக்கணும். நோட்டு இல்லைனா போன வாரம் எத்தனை தூக்கினோம்னு யாருக்குத் தெரியும்? ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையில இருந்து வெயிட்டைத் தூக்குறது) ரெண்டுலயும் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் ரெஸ்ட். அந்த நேரத்துல ரீல்ஸ் பாக்குறவர்கிட்ட தயவுசெஞ்சு காசு கட்டாதீங்க.

எக்சர்சைஸ் பண்ணின அப்புறம் வர்ற தசை வலி ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், அது சகஜம். ஆனா கை மடக்கவே முடியாம வீங்கி, யூரின் கோலா கலர்ல வந்தா நேரா ஆஸ்பத்திரி. முதல் நாளே அளவுக்கு மீறிப் போட்டு, தசை உடைஞ்சு கிட்னிக்குப் போற கேஸ் அது.

ட்ரெய்னர் புரோட்டீன் பவுடர் டப்பா நீட்டினா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் இருக்கானு பாருங்க. இல்லைனா தொடவே தொடாதீங்க. பவுடருக்குத் தனி வீடியோ வருது, வரட்டா!