விவசாயக் கடன்: நம் வங்கியும் தாய்லாந்து வங்கியும்

வணக்கம். போன வீடியோவில் குத்தகை நிலத்தில் கேசிசி, அதாவது கிசான் கிரெடிட் கார்டு கடன் கிடைக்குமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் தாய்லாந்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதே பிரச்சினையில் அவர்கள் வேறு வழியில் போனார்கள்.

இந்தியாவில் வங்கிகள் கொடுக்கும் மொத்தக் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும், அதற்குள் 10 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுக்கு. இது ரிசர்வ் வங்கி விதி. கொடுக்காத வங்கி மீதிப் பணத்தை நபார்டு என்ற விவசாய, கிராம வளர்ச்சி வங்கியில் போட வேண்டும், நபார்டு அதை மாநில அரசுகளுக்கு ரோடு, பாலம், பாசனம் என்று கடனாகக் கொடுக்கும். 1995-96லிருந்து இப்படித்தான். தாய்லாந்திலும் 1975ல் வணிக வங்கிகளுக்கு 5 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். ஆனால் அங்கே மீதிப் பணம் ரோட்டுக்குப் போகவில்லை. 1966ல் விவசாயிகளுக்கென்றே தொடங்கிய பிஏஏசி என்ற அரசு வங்கிக்குப் போனது, அது திரும்ப விவசாயிக்கே கடனாகக் கொடுத்தது. எனக்கு இங்கேதான் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

சரி, நம்ம ஊர் வங்கிக்குள் போங்கள். சிட்டா, விஏஓ கையெழுத்துப் போட்ட அடங்கல், ஆதார், வேறு எங்கும் கடன் இல்லை என்ற சான்று எல்லாம் கொண்டுபோய் வைத்த பிறகும் "நகை இருக்கா?" என்று கேட்பார்கள். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, எடை போட்டு ஒரு தொகை சொல்வார். அதுவும் கணக்கில் விவசாயக் கடன்தான். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஆனாலும் கவுண்டரில் நகைக்கடன்தான் வேகமாகக் கிடைக்கிறது என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகையும் இல்லை, பட்டாவும் தன் பெயரில் இல்லை என்றால் அந்தக் குத்தகைக்காரர் எங்கே போவார்? கந்துவட்டிக்குத்தான்.

பிஏஏசி சிறிய கடன்களுக்குப் பல காலமாகவே கூட்டுப் பொறுப்புக் குழுவை நம்பியது. அக்கம்பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. யார் ஒழுங்காக நடுவார், யார் பணத்தைக் கரைத்துவிடுவார் என்று பக்கத்து வயல்காரருக்குத் தெரியாததா? விற்க முடியாத அரசு ஒப்படைப்பு நிலத்தின் பத்திரத்தைக்கூட அந்த வங்கி ஏற்றுக்கொள்கிறது.

அங்கே எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். கடன் எளிதாகக் கிடைத்ததால் சுமை ஏறிக்கொண்டே போனது. 2001ல் தவணை நிறுத்திவைப்பு, 2023ல் மறுபடியும் 3 லட்சம் பாட் வரையிலான கடனுக்கு நிறுத்திவைப்பு. நாம் 2008ல் மத்திய அரசு, 2021ல் தமிழ்நாடு கூட்டுறவுக் கடன் என்று தள்ளுபடி செய்தோம், அவர்கள் தள்ளிப்போட்டார்கள். நெல் விலை சரியாகக் கிடைக்காவிட்டால் இரண்டு நாட்டு விவசாயிக்கும் கடன் அடையாது, அது தனிக் கதை.

அப்புறம், குழுக்கடன் இங்கே இல்லாமல் இல்லை. குத்தகைக்காரர்களுக்காகவே 4 முதல் 10 பேர் சேரும் குழுவுக்கு நபார்டு திட்டம் இருக்கிறது. ஆந்திராவில் 2019 சட்டப்படி குத்தகைக்காரருக்கு 11 மாத சாகுபடி உரிமை அட்டை தருகிறார்கள், ஆனால் நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். உரிமை போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கையெழுத்துப் போடுவதில்லை. என்னைக் கேட்டால், எத்தனை லட்சம் கோடி கொடுத்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டாமல், சொந்த நிலம் இல்லாத எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு கிளையிடமும் கேட்க வேண்டும்.

ஆக, கேட்டவர்களுக்கு பதில்: கேசிசி விதிப்படி குத்தகைக்காரருக்கும் உண்டு. நாலு பேராகச் சேர்ந்து போய், கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கீழே கமெண்டில் போடுங்கள்.