வாசலுக்கு வாசல் எத்தனை மீட்டர்?

விழாத் தலைவர் அவர்களே, இந்தப் பள்ளியைத் தன் வீட்டைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமார்களே, ஒலிபெருக்கிக்காரரே (உங்களை விட்டுவிட்டால் பாதியில் சத்தம் குறையும் என்று அனுபவத்தில் தெரியும்), எல்லோருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐயா இப்போதுதான் வருகிறார், வாருங்கள் ஐயா, உட்காருங்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அந்தக் காசுக்கு நாலு நோட்டு வாங்கியிருந்தால் பிள்ளைகளுக்கு ஆகியிருக்கும் என்று போன வருடமும் சொன்னேன்.

சரி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது, அதை நடத்துகிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள், வீட்டில் நாம் என்ன செய்யலாம்.

சட்டம் இருக்கிறது. 2003-ஆம் வருடத்து மது சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி என்றால் பள்ளிக்கும் கோவிலுக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது, மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள் கூடாது. 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது. இந்தக் கடை விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை தெரியுமா? 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம். அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் குடியை நிறுத்தினாரே, அந்தச் சட்டம்தான். நிறுத்துவதற்குப் பிறந்த சட்டத்தின் மடியிலேயே விற்பதற்கான விதியையும் உட்கார வைத்திருக்கிறோம். துறைக்கு இன்னும் பெயர் மதுவிலக்கு! எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வாள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று.

பீடி சிகரெட்டுக்கு ஒரு மத்தியச் சட்டம் அதே 2003-இல்தான் வந்தது. பள்ளியிலிருந்து 100 கஜம், ஏறக்குறைய 91 மீட்டர், பட்டணமோ பட்டிக்காடோ ஒரே கணக்கு. அப்படியானால் பட்டணத்தில் பள்ளிக்கு 60 மீட்டர் தள்ளி ஒரு பெட்டிக்கடைக்காரர் சிகரெட் விற்றால் குற்றம், அதே இடத்தில் அரசாங்கக் கடை குவார்ட்டர் விற்றால் குற்றமில்லை. அதுவும் நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி என்று குறித்துவிட்டால் அந்த 50 மீட்டரும் கிடையாது. பிள்ளைகள் வணிகப் பகுதியில் நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள் போல.

அளப்பது என்றதும் ஞாபகம் வருகிறது, சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் மனுமேல் மனுப் போட்டு ஒரு வழியாக அளக்க வந்தார்கள். நாலு பேர், ஒரு ஜீப், 30 மீட்டர் டேப் ஒன்று. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். பள்ளி வாசலிலிருந்து கடை வாசல் வரை மூன்று தடவை நீட்டிப் பிடித்தார்கள், அப்புறம் மிச்சம். 94 மீட்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை, எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் கடைக்காரர்கள் முன்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பக்கவாட்டில் சரக்கு இறக்குகிற கதவைத் திறந்து, “சார், இனிமேல் இதுதான் வாசல்” என்கிறார்கள்! நடக்கிற வழியில் வாசலுக்கு வாசல் அளப்பதுதான் முறை என்று மறுபடி டேப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 103. டேப் பிடித்த பையன் மட்டும் விடவில்லை. “சார், இந்த வழியா நாங்க வரவே மாட்டோம், அந்தச் சந்துலதான் வருவோம், அதுல அளங்க, கடைச் சுவரு நம்ம கக்கூஸ் பின்னாடிதான் இருக்கு” என்றான். அதிகாரி என்னைப் பார்த்தார். “சந்து பாதை இல்லை, எழுதிக்கோங்க, 103” என்றார். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்பத்தா என்ன சொன்னாள்? ஆமாம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. சுரைக்குடுக்கையில்தானே அந்தக் காலத்தில் கள் இறக்கினார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது, கள்ளுக்கு நன்றாக உதவுகிறது.

பள்ளிக்கும் கோவிலுக்கும் பக்கத்தில் இருந்த ஒரு கடையை எடுக்கச் சொல்லித்தான் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறினார். 2015 ஜூலை 31. பிணமாகத்தான் இறக்கினார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 15-இல் வழக்கறிஞர் பாலுவின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. பிறகு சிறிய ஊர்களுக்கு மட்டும் 220 மீட்டராகக் குறைத்தார்கள், அது வேறு. தமிழ்நாட்டில் மட்டும் 3,000-க்கும் மேல் கடை மூடிற்று. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லாரி ஓட்டுகிறவருக்கு 500 மீட்டர், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 100 என்றால் யார் கையில் ஸ்டியரிங் இருக்கிறதோ அவருக்குத்தான் தூரமா?

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை விடுங்கள், அது இன்னொரு நாள். நான் ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபை! அதில் தீர்மானம் போட்டால் கடை எழுந்து நடந்து போகாது, தெரியும். அதுவும் ஏடுதானே ஐயா என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். ஏடுதான் தம்பி, ஆனால் அது நம் கையெழுத்து. ஆட்சியரிடமும் கோர்ட்டிலும் நீட்ட நம்மிடம் வேறு காகிதம் இல்லை. கிராம சபை வேண்டாம் என்றால் அங்கே கடை இல்லை என்று விதியிலேயே எழுதும்வரை நான் ஓயப்போவதில்லை. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் கணக்கு, சேர்ந்துவிடும். டிவி கொடுத்தபோது எத்தனை பேர் வரிசையில் நின்றோம்?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நான்கு நாளும் சபை உண்டு, நான்கு நாளும் கடைக்கு லீவு. ஆம்பிளைகளும் தெளிவாக இருப்பார்கள், சாக்குச் சொல்ல முடியாது. வருகிற மே 1 காலையில் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் நம் கடையை நாமே அளப்போம், சந்து வழியாக. டேப் நான் கொண்டுவருகிறேன், பிடிக்க ஒரு பையன் வேண்டும்.