சத்தத்தை ஒரே அச்சாக்கியது லேபிள்தான்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, திருப்பூர்ப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

மெட்டல்கோர் இசை உயிரில்லாமல் போனதற்குக் காரணம் ரசிகரின் ரசனையா, லேபிள்களின் வணிகமா? இதுதான் தலைப்பு. லேபிள்னா நம்ம பனியன் லேபிள் இல்லீங்க, பாட்டைப் பதிஞ்சு விற்கிற கம்பெனி. எனக்கு முன்னால பேசின அண்ணன் ரெண்டு குற்றம் சாட்டினாருங்க. ரசிகன் காசு கொடுக்காம டவுன்லோடு பண்ணினான், கம்பெனி பிழைக்க வழி தேடுச்சுன்னார். ரசிகனே ஒரே மாதிரிப் பாட்டைத்தான் கேட்கிறான்னார். ரெண்டுக்கும் பதில் இருக்குதுங்க.

ராக் இசையில வேகமான வகையான ஹார்ட்கோர் பங்க்கோட கோபமும், அதிர்ற கிட்டார் சத்தமுள்ள மெட்டலோட கனமும் சேர்ந்ததுதான் மெட்டல்கோர். பாட்டு பறந்துக்கிட்டு இருக்கும்போதே தாளம் பாதி வேகத்துக்கு இறங்கி, கிட்டார் இடி மாதிரி விழும். அதுக்குப் பேரு பிரேக்டவுன். எப்ப விழும்னு தெரியாம இருக்கறதுலதான் அதோட பலமே இருக்குது. இன்னைக்கு வர்ற நிறையப் பாட்டுல முதல்ல கத்தல், அப்புறம் பல்லவி மாதிரி திரும்பி வர்ற இனிமையான ஒரு கோரஸ், மறுபடி கத்தல், கடைசியில பிரேக்டவுன். கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம். டிரம்ஸ் அடிச்சவரோட கை சத்தத்தை எடுத்துட்டு, ஏற்கெனவே பதிஞ்சு வெச்ச சத்தத்தைக் கம்ப்யூட்டர்ல கட்டம் பார்த்து நிரப்புறாங்க. பேண்டு பத்து இருக்குது, டிரம்ஸ் ஒண்ணே ஒண்ணு.

இதை ரசிகன் கேட்டானாம்! திருப்பூர்ல நின்னு இதை நான் விளக்கணுமுங்களா? பனியனுக்கு ஆர்டர் தர்ற பையர் ஒரு சாம்பிள் அனுப்புறான். அது கடையில ஓடுச்சுன்னா அடுத்த சீசனுக்கும் அதே பீஸ்தான், கலர் மட்டும் வேற. நம்ம மாஸ்டர் புதுசா ஒண்ணு வெட்டிக் காட்டினா, போன தடவை போனதையே போடுங்கன்னு பதில் வருது. கடைக்குப் போறவர் அங்க தொங்கறதைத்தானுங்க வாங்க முடியும்? அவர் ரசனையை எப்படிங்க குறை சொல்றது?

காசு கொடுக்கலைங்கற குற்றத்துக்கு வர்றேன். விக்டரி ரெக்கார்ட்ஸ்னு ஒரு லேபிள். 1989-ல சிகாகோவில் ஹார்ட்கோர் பேண்டுகளுக்காகத் தொடங்கினது. எர்த் க்ரைசிஸ், ஹேட்பிரீட் பேண்டுகளோட ரெக்கார்டெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. அந்த லேபிள்ல இருந்த ஃபுளோரிடா பேண்டு எ டே டு ரிமெம்பர். ராயல்டி, அதாவது பாட்டு வித்ததுல தங்களுக்கு வர வேண்டிய பங்கு, சரியா வரலைன்னு 2011-ல லேபிள் மேலயே வழக்குப் போட்டாங்க. ஒப்பந்தப்படி 5 ஆல்பம் கொடுத்தாச்சுன்னு பேண்டு சொல்லுது, இன்னும் முடியலைன்னு லேபிள் சொல்லுது. அடுத்த ஆல்பத்தைத் தாங்களே வெளியிட 2013-ல நீதிபதியோட அனுமதி வேண்டியிருந்ததுங்க. வயிறு எரியுதுங்க! தான் எழுதி, தான் பாடின பாட்டை வெளியிடக் கோர்ட்டுப் படி ஏறணும். 2016-ல ஜூரி பேண்டு பக்கம் நின்னு, 40 லட்சம் டாலருக்கு மேல கொடுக்கணும்னு சொல்லிடுச்சு.

அண்ணனை ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ரசிகன் காசே கொடுக்கலைன்னா, இந்த 40 லட்சம் டாலர் ராயல்டி எங்கிருந்து வந்துச்சுங்க? ரசிகன் கொடுத்தான். வழியில நின்னது யாருன்னுதான் பார்க்கணும்.

அதே விக்டரி 2019-ல கான்கார்டு நிறுவனத்துக்கு விலை போச்சு. ரைஸ் ரெக்கார்ட்ஸ் 2015-ல பிஎம்ஜிங்கற பெரிய இசைக் கம்பெனி கைக்குப் போச்சு. ரோட்ரன்னர் 2010-ல முழுசா வார்னரோடது ஆயிருச்சு. மெட்டல்கோரை வளர்த்த லேபிள்களுங்க இதெல்லாம். எந்த ரசிகன் கையெழுத்துப் போட்டு வித்தான்?

லேபிள் நடத்தினா இப்படித்தான் ஆகும், வேற வழியே இல்லைன்னும் அண்ணன் சொன்னாரு. இருக்குதுங்க! மெட்டல்கோருக்குத் தாய்வீடு ஹார்ட்கோர். அந்த ஹார்ட்கோர்ல, வாஷிங்டன்ல, 1980-ல இயான் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் தொடங்கின லேபிள் டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ். பேண்டுகளோட எழுத்து ஒப்பந்தமே கிடையாது, லாபத்துல பேண்டுக்குப் பங்கு உண்டு. அங்க இருந்த ஃபுகாஸி பேண்டோட கச்சேரிக்கு டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான். கூட்டம் வந்துச்சு, ரெக்கார்டும் வித்துச்சு. கன்வெர்ஜ் பேண்டைப் பாருங்க. அவங்க ஊர் பேரும் சேலம்தான், நம்ம பக்கத்துச் சேலம் இல்லீங்க, மாசசூசெட்ஸ் சேலம். கிட்டார் வாசிக்கிற கர்ட் பலூ அங்க சொந்தமா ஸ்டுடியோ நடத்துறாரு. பாடற ஜேக்கப் பேனன் அட்டைப்படமும் வரைவாரு, டெத்விஷ்னு லேபிளையும் கூட்டாத் தொடங்கினவரு. 1990-ல ஆரம்பிச்ச பேண்டுங்க. அவங்க பாட்டுல பிரேக்டவுன் எங்க விழும்னு இன்னைக்கும் யாராலும் சொல்ல முடியாது. அவங்களைக் கேட்கிறவங்களும் இதே ரசிகர்கள்தானே?

நம்ம பக்கம் வர்றேன். கோயம்புத்தூர் பீளமேட்டுல, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை கொடுத்து, பேண்டுகள் பழகற ஜாம் ரூம்ல வாசிக்கிற பசங்க எனக்குத் தெரிஞ்சவங்க. ஒரு லேபிள் கம்பெனிக்கு நீளமான பாட்டு ஒண்ணு அனுப்பினாங்க. கோரஸை 30 நொடிக்குள்ள கொண்டு வாங்கன்னு பதில் வந்துச்சு. ஏன் தெரியுங்களா? பாட்டுக் கேட்கிற ஆப்பான ஸ்பாட்டிஃபைல 30 நொடி ஓடினாத்தான் ஒரு கேட்பா எண்ணுவாங்க. 2024-லிருந்து, வருஷத்துக்கு 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ராயல்டி ஒரு பைசாவும் கிடையாது. இந்தச் சட்டத்தை எழுதினது ரசிகனுங்களா? அதே பசங்க மேடையில அந்த நீளப் பாட்டை வாசிச்சப்ப, முன்னால நின்ன கூட்டம் முழுசாக் கேட்டுட்டுத்தான் நகர்ந்துச்சு. நான் அந்தக் கூட்டத்துல நின்னவன்.

அடுத்துப் பேச வர்ற அண்ணன் வேற எதுக்கும் பதில் சொல்ல வேண்டாமுங்க. டிஸ்கார்டுக்கு மட்டும் சொல்லட்டும். நன்றி, வணக்கமுங்க.