பேய்க்கு முன்னால் போன சைக்கிள்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, மாரியம்மன் கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். எனக்கு எட்டு நிமிடம். அதில் அரை நிமிடம் மைக் கூவியதிலேயே போய்விட்டது.

தலைப்பு, ‘மனதை உலுக்கும் பேய்ப் படங்கள் மருந்தா, நோயா?’ மருந்து என்று பேசத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார்: “காசு கொடுத்துப் பயந்துட்டு வர்றவங்களைக் குணசீலம் கோயில்ல நாப்பத்தெட்டு நாள் தங்க வைக்கணும்.” மனநலம் சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்த் தங்க வைக்கிற கோயில் அது. நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி அம்மா, போகிறேன். ஆனால் தனியாகப் போக மாட்டேன். எங்கள் சித்தப்பாவையும் வேனில் ஏற்ற வேண்டும்.

2009. மன்னார்குடியில் ‘யாவரும் நலம்’, இரண்டாம் ஆட்டம். புதிதாகக் குடிவந்த வீட்டில் தினமும் ஒரு மணிக்கு ஒரு சீரியல் ஓடும். சீரியலில் நடப்பது வீட்டிலும் நடக்கும். நான் வந்து கதை சொன்னதும் எங்கள் அம்மா மூன்று நாள் ஒரு மணிக்கு டிவி போடவில்லை. அப்படி ஒரு அமைதியை எங்கள் வீடு அதற்குப் பிறகு கண்டதில்லை. அது இருக்கட்டும்.

படம் விட்டு சைக்கிளில் வருகிறேன். பாமணி ஆற்றுப் பாலம் தாண்டியாயிற்று. இரண்டு பக்கமும் வயல், ஒரு விளக்கு இல்லை. பின்னால் ‘கிரீச்... கிரீச்...’ நான் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வருகிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. இறங்கிப் பார்க்கலாம்தான். இறங்கினால் ஏற வேண்டுமே! மிதித்த மிதியில் ஒரு செருப்பு வாய்க்காலில் போய்விட்டது. ஊர் எல்லை டீக்கடை வெளிச்சத்தில் விழாத குறையாகப் போய் நின்றேன். பின்னாலேயே வந்து நின்றது, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு... எங்கள் சித்தப்பா!

மனிதர் சித்தியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் தெரியுமா? “மும்முனை கரண்டு ராத்திரிதான் வருது, மோட்டார் போட்டுட்டு வர்றேன்.” மோட்டார் போட வந்தவர் மன்னார்குடிக்குப் போய்ப் பேய் பார்த்துவிட்டு வருகிறார்.

“ஏன் சித்தப்பா, கூப்பிட்டிருக்கக் கூடாதா?” என்றேன். சொன்னார் பாருங்கள்: “கூப்பிட்டா நீ நின்னுடுவ. நீ முன்னாடி போனாத்தான்டா, எதுத்தாப்புல எது வந்தாலும் முதல்ல உன்னைப் பிடிக்கும்!”

பின்வரிசையில் சிரிப்பு வரவில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். அண்ணன் மகன்! ரத்த சொந்தம்! பேய்க்கு என்னைப் படையல் வைத்துவிட்டு, நாலு முழம் தள்ளி வந்திருக்கிறார்!

அடங்கினாரா? அடுத்த வாரமும் மோட்டார் போடப் போனார். கைபேசி வந்த பிறகு உலகத்துப் பேயெல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்தது. 1960-இல் வந்த ‘சைக்கோ’வில் குளியலறையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப் என்று சொன்னேன். “சாக்லேட்டுன்னு தெரிஞ்சும் வயித்தைப் பிசையுது பாரு, அதுக்குத்தான்டா காசு” என்றார்.

இப்போது அம்மாவிடம் ஒரு கேள்வி. குணசீலத்துக்கு யார் யாரை அனுப்புவீர்கள்? நகையை வைத்த எட்டு மெய்ப்பாட்டில் அச்சத்தையும் இளிவரல் என்கிற அருவருப்பையும் வைத்த தொல்காப்பியரை அனுப்புவீர்களா? கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் காய்ச்சிப் பரிமாறிக் குடிப்பதாகக் கலிங்கத்துப்பரணி பாடினாரே செயங்கொண்டார், அவரை? அதை வரிக்கு வரி எங்களுக்கு வகுப்பில் நடத்தியது தமிழ்ப் பேராசிரியர்கள்தானே அம்மா! காரைக்கால் அம்மையார் அழகே வேண்டாம், பேயுரு கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர். தன்னைத் தானே ‘காரைக்கால் பேய்’ என்று பாடிக்கொண்டவர். அவரையும் ஏற்றினால் வேன் நிரம்பிவிடும். எங்கள் சித்தப்பா படியில்தான் தொங்க வேண்டும்.

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். தலைப்பை விட்டுவிடுகிறேன்.

சித்தப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. தை மாதம், சம்பா அறுப்பு நேரம். சித்தி அழவில்லை. வந்தவர்களுக்குப் பாய் போட்டார், அறுவடை ஆட்களுக்குக் கூலி கொடுத்தார், “நீங்க தைரியமா இருக்கணும்” என்ற எல்லோருக்கும் தலையாட்டினார். கருமாதி முடிந்து ஊர் கலைந்த ராத்திரி, சித்தப்பாவின் கைபேசியை என்னிடம் நீட்டி, “உங்க சித்தப்பா பாக்குற கண்றாவி எதையாவது போடு” என்றார்.

‘ஹெரிடிட்டரி’ என்று 2018-இல் வந்த படம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் தரையில் கிடந்து கதறுவாள். பேயாட்டம் முற்றுவதற்கெல்லாம் முன்னால். பார்க்கிற நமக்கே போதும் என்றாகிவிடும். சித்திக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கண் கொட்டாமல் பார்த்தார்.

“அவ பாட்டுக்கு அழுவுறா பாருடா,” என்றார். “தைரியமா இருன்னு அவகிட்ட ஒருத்தரும் சொல்லல பாரு.”

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகத்தான் ஆரம்பித்தார்: “மோட்டார் போடப் போறேன்னியே ராசா...”

பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. யாரும் வந்து தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. விடியும்வரை பாடினார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. உட்கார்ந்துகொள்கிறேன் ஐயா.