நல்ல காளான், கெட்ட மண்

எல்லோருக்கும் வணக்கம். காட்டுக் காளானைப் பற்றிப் பேச்சு என்றதும், மேடை ஏறுவதற்கு முன்பே இரண்டு பேர் விஷக் காளானை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுவிட்டார்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிற பழைய சோதனைகளை நம்பவே நம்பாதீர்கள், அதை மட்டும் சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன். வகை சரி, ருசி பிரமாதம், சாப்பிட்டவருக்கு வாந்தி பேதி எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நல்ல காளானும் காட்மியம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்களை உடம்புக்குள் இறக்கிவிட்டிருக்கலாம்.

ஸ்லோவேனியாவில் இட்ரியா என்று ஒரு சின்ன ஊர். 1490-ல் மரத்தொட்டி செய்யும் ஒருவர் புதுத் தொட்டியை ஊற்றில் ஊறப்போட்டாராம், எடுக்கும்போது அடியில் வெள்ளி மாதிரி ஏதோ உருண்டு ஓடியதாம். அது பாதரசம். அப்புறம் சுமார் 500 ஆண்டுகள் தோண்டினார்கள், ஸ்பெயினின் அல்மதேனுக்கு அடுத்தபடி உலகத்தின் பெரிய பாதரசச் சுரங்கம் அது. தாதுவை உலையில் சுட்டுத்தான் பாதரசத்தைப் பிரிக்க முடியும், அந்த ஆவியில் ஒரு பகுதி புகையோடு போய்ச் சுற்றியுள்ள மலைக்காட்டில் படிந்தது. சுரங்கத்தை மூடியாகிவிட்டது, 2012-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, ஆனால் படிந்தது இன்னும் மண்ணில்தான் இருக்கிறது. அந்தக் காட்டுக் காளான்களைச் சோதித்தபோது பாதரசம் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக இருந்தது.

ஏன் காளானில் மட்டும் இப்படி? நாம் பறிக்கும் குடை மரத்துப் பழம் மாதிரி, உண்மையான உடம்பு மண்ணுக்குள் முடியைவிட மெல்லிய இழைகளாகப் பரவிக்கிடக்கிறது. இலை மட்கிய மேல்மண்ணில்தான் பல வகைகளின் இழைகள் நெருக்கமாக ஓடுகின்றன, புகையில் வந்த உலோகம் முதலில் தங்குவதும் அதே இடத்தில்தான். இழை அமிலத்தைச் சுரந்து மண்ணைக் கரைத்து உறிஞ்சுகிறது. உள்ளே வந்த உலோகத்தைக் கட்டிவைக்கப் புரதமும் வைத்திருப்பதால் காளானுக்கு ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலும் தண்டைவிடக் குடையிலும், அதன் அடியில் மெல்லிய தகடுகளாக உள்ள செவுள்களிலும்தான் அதிகம் சேர்கிறது.

மாசுபடாத மண்ணிலும் சில வகைகள் காட்மியத்தைத் தேடிச் சேர்க்கும். ஐரோப்பியப் புல்வெளிகளில் வரும் குதிரைக் காளான் அப்படி ஒன்று, நம் பட்டன் காளானுக்குச் சொந்தம்தான், வெள்ளைக் குடையைக் கையால் தேய்த்தால் மஞ்சளாகும், சோம்பு வாசம் வரும். ஒரு கிலோ உலர்ந்த காளானில் 10 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்துக்கொள்வோம், இந்த வகைக்கு இது பெரிய அளவே இல்லை. 200 கிராம் பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் 20 கிராம், அதில் 200 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் நிர்ணயித்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 150. ஒரு தட்டு பொரியலில் வார அளவு தாண்டிவிட்டது! ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் 10 முதல் 30 ஆண்டுகளில்தான் பாதியாகக் குறையும், வாராவாரம் சாப்பிடுகிற வீட்டை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

நன்றாக வேகவைத்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். உலோகம் கிருமி இல்லை, கொதித்தால் சாகாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் போகும், அதை நம்பி உட்கார முடியாது. வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. காட்டில் பறிக்கிறவர்கள் சுரங்கம், உருக்காலை, பழைய குப்பைமேடு, நெடுஞ்சாலை ஓரம் இந்த இடங்களை விட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றாலும், சாலையோர மண்ணில் இறங்கிய ஈயம் போய்விடவில்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இடம் தெரியாத காளானைக் கொடுக்கவே வேண்டாம். உலர்காளான் பாக்கெட் பரிசாக வந்தால் 100 கிராம்தானே என்று எண்ணாதீர்கள், அதற்குள் ஒரு கிலோ பச்சைக் காளான் இருக்கிறது, எந்த ஊரில் பறித்தது என்று கொடுத்தவரிடமே கேளுங்கள்.