பெரியப்பாவை எப்படி அடிப்பது?

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்த மழையிலும் பாலம் தாண்டி வந்திருக்கும் பட்டர்வர்த் மக்களுக்கும் வணக்கம். கொடுத்திருப்பது கொஞ்ச நேரம். வணக்கம் இவ்வளவு போதும்.

“தெருவில் தற்காப்புக்குக் கைகொடுப்பது நின்று அடிக்கும் கலையா, தரையில் பிடிக்கும் கலையா?” இதுதான் தலைப்பு. நான் பிடிக்கிற அணி. எனக்கு முன்னால் பேசிய கராத்தே மாஸ்டர் அண்ணன், “கத்தி வந்தால் என்ன செய்வீர்கள்? நான்கு பேர் சேர்ந்து வந்தால் யாரைப் பிடிப்பீர்கள்?” என்று கேட்டார். ஓடுவேன் அண்ணே. நீங்களும் ஓடத்தான் வேண்டும். கத்திக்கு முன்னால் உங்கள் கறுப்பு பெல்ட்டும், தரையில் பிடித்து மடக்கும் என் ஜூஜிட்சு வகுப்பும் ஒன்றுதான். அந்தக் கேள்வி முடிந்தது.

ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, அதை விடமாட்டேன். “தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போன ரோட்டில், உடைத்த தேங்காய்ச் சில்லு கிடக்கும்போது இவர்கள் உருண்டு பார்க்கட்டும். உருண்டே தீருவேன் என்றால் கோயிலுக்குப் போய் அங்கப்பிரதட்சணம் செய்யட்டும்!” எல்லாரும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் இருக்கும் என் சொந்தச் சித்தியும் தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் சித்தி.

அண்ணே, அங்கப்பிரதட்சணம் செய்கிறவர் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, தானாகப் படுக்கிறார். பக்கத்தில் உருட்டிவிட ஆள், முன்னால் வழிவிடச் சொல்ல ஆள். தெருவில் அப்படியா? பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கீரை வாங்கிக்கொண்டு நிற்கிறாள் ஒருத்தி. மோட்டாரில் வந்தவன் கைப்பையை இழுக்கிறான். பை போகட்டும், விட்டுவிட வேண்டியதுதான், அது வேறு கதை. ஆனால் இழுக்கிறவன், “அக்கா, நீங்கள் நிற்கிறீர்களா, படுக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டா இழுப்பான்? கீழே விழுந்தவளுக்கு உங்கள் உயர உதை எதற்கு? மல்லாந்து கிடந்தபடி வானத்தையா உதைப்பாள்?

எங்கள் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது விழுவதற்குத்தான். மோவாயை மார்பில் ஒட்டிக்கொள், மண்டை தரையில் மோதக் கூடாது. விழுந்ததும் பாதங்களை அவனுக்கும் உனக்கும் நடுவில் கொண்டு வா. மேலே ஏறி உட்கார்ந்துவிட்டானா, இடுப்பை நெளித்து வெளியே வா. ஒரு கையை ஊன்றி, அவனைப் பார்த்துக்கொண்டே எழுந்திரு. எழுந்து ஓடுவதற்காகத்தான் அண்ணே இத்தனை உருளலும்.

அப்புறம் அந்தத் தேங்காய்ச் சில்லு. தேங்காய்த் தண்ணீர் வழிகிற ரோட்டில், சில்லுகளுக்கு நடுவே, ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் காது உயரத்துக்குத் தூக்குகிறவர் யார்? நானா, நீங்களா? முதலில் விழப்போவது யார்? விழுந்து எங்கே வருவீர்கள்? தரைக்கு. தரை எங்கள் வீடு. வாங்க அண்ணே, உட்காருங்க, தே தாரிக் குடிங்க!

வரலாறு வேண்டுமா? 1914இல் மேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கிரேசி குடும்பத்துப் பையன் கற்றுக்கொண்ட வித்தை இது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், எந்தச் சண்டைக் கலைக்காரரும் மோதலாம் என்ற யூஎஃப்சியின் முதல் போட்டி. எடைப் பிரிவே கிடையாது. ஒல்லியான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை மடக்கினார். முதலில் வந்தவர் ஒரு குத்துச்சண்டை வீரர், ஒரு கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார். கிரேசி மேலே ஏறியதும் விட்டுவிடச் சொல்லித் தட்டிவிட்டார். இன்னொரு கையை அவர் வெறுமனே வைத்திருந்தது அதற்குத்தான் போலிருக்கிறது.

சரி, டென்வர் நமக்குத் தூரம். நம் பிறை ஊருக்கு வருவோம். எங்கள் குடும்பக் கல்யாணம். எங்கள் பெரியப்பாவுக்கு நூற்றுப் பத்து கிலோ, அன்றைக்கு உள்ளே போயிருந்த சரக்கு தனி. மணமக்களைப் பாட்டுப் பாடித்தான் வாழ்த்துவேன் என்று மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. முதல் பாட்டுக்குக் கைதட்டினார்கள். இரண்டாவதுக்குச் சிரித்தார்கள். மூன்றாவதுக்கு மைக்கை அணைத்தார்கள். வந்தது வினை! “எவன்டா அணைச்சது?” என்று கையை ஓங்கிக்கொண்டு இறங்கினார்.

மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் எழுந்தான். தேக்வாண்டோவில் கறுப்பு பெல்ட். ஆனால் அன்றைக்கு அவன் கட்டியிருந்தது பெல்ட் இல்லை, ஒட்டு வேட்டி. “அங்கிள், தள்ளி நில்லுங்க” என்று காலைத் தூக்கினான். சர்ர்ர்! கால் மேலே போனது, வேட்டி கீழே வந்தது. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்கிறேன். கால் மேலே. வேட்டி கீழே. நாற்பது மேசைக்காரர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். தற்காப்புக் கலைஞர் இரண்டு கையாலும் தன்னைத் தற்காத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் ஓடினார்.

அப்போது வந்தாள் என் அக்காள் மகள். பாவாடை தாவணி, நாற்பத்தெட்டு கிலோ. பெரியப்பா வீசிய கைக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போனாள், இடுப்பைச் சேர்த்துக் கட்டினாள், முழங்காலுக்குப் பின்னால் தன் காலைக் கொடுத்து, கல்யாண ஜமுக்காளத்தில் அப்படியே உட்கார வைத்தாள். உட்கார்ந்தவரைச் சாய்த்து, மார்போடு மார்பாக அழுத்திக்கொண்டு, “பெரிய தாத்தா, அசையாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். அவர் திமிறினார், திட்டினார், அவள் அப்பன் பாட்டன் எல்லாரையும் இழுத்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. கிட்டே போய்க் கேட்டோம். குறட்டை! தாலி கட்டியதற்கும் கேக் வெட்டியதற்கும் நடுவில், அந்தக் குறட்டை இன்றைக்கும் கல்யாண வீடியோவில் இருக்கிறது.

கராத்தே அண்ணன் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பார்? குத்துவாரா? பெரியப்பாவின் பல் செட் எகிறியிருக்கும், போலீஸ் ரிப்போர்ட் போயிருக்கும், இரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசாது. நம் மலேசியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அதில் இடமில்லை என்று 99ஆம் பிரிவு சொல்கிறது. நம்மில் பலர்மேல் கை ஓங்குவது முகமூடிக் கொள்ளைக்காரன் இல்லை ஐயா. குடித்த மாமா, கோபக்கார மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன். அடிக்கவும் முடியாது, அடிவாங்கவும் முடியாது.

சிரித்தது போதும். எங்கள் வகுப்பில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேர் சொல்லமாட்டேன். அப்பா நல்லவர்; சம்பளம் வாங்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் வேறு ஆள். ஒரு ராத்திரி அம்மா மேல் கையை ஓங்கியபோது பையன் நடுவில் போனான். பெற்ற அப்பாவை எங்கே அடிப்பது? கட்டிப்பிடித்து, கீழே இறக்கி, மேலே படுத்துக்கொண்டு, “விடமாட்டேன்பா” என்று மட்டும் சொன்னானாம். அவர் திமிறி ஓய்ந்து, பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து அழுதாராம். வளர்ந்தபின் அப்பா அவனைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மடக்கியதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மார்பை அழுத்த, மற்றக் கால் பின்பக்கம் வளைக்கிறது. எங்கள் வகுப்புக்காரர்கள் படித்தால் இது நம்ம பிடிதானே என்பார்கள். அந்த நேரத்தில் புலவர் நினைப்பது யாரை? மகனோடு பகைகொண்டிருந்த தித்தனை, அந்த அப்பாவை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் வந்து இதைப் பார்க்கட்டும் என்கிறார்.

தித்தன் வந்தானா, பாட்டில் இல்லை. நம் பையனின் அப்பா மறுநாள் காலையில், “எங்கடா கத்துக்கிட்ட?” என்று கேட்டார். இப்போது வகுப்புக்கு மோட்டாரில் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான். குடி நின்றதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது என்கிறார் அம்மா. வாசலில் நின்று, மகன் உருளுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். மாஸ்டர் அண்ணன் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. வணக்கம்.